பழைய நினைவுகளை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கடந்த காலத்தின் ஏக்கத்தை எழுத உட்காருகிறவர்கள் பலர் முதலில் ஒரு பட்டியல் போடுகிறார்கள். கமர்கட், தேன் மிட்டாய், டிரான்சிஸ்டர், இன்லேண்ட் லெட்டர், வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷன் பாட்டு. "ஆமாம், எங்கள் வீட்டிலும் இருந்தது" என்று வாசகர் தலையாட்டுவார். ஆனால் அவர் நினைத்துக்கொண்டது தன் வீட்டை. எழுதியவரின் வீட்டுக்குள் அவர் வரவே இல்லை. பத்துப் பொருளை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். டிரான்சிஸ்டர் என்றால், அதைத் திருக வீட்டில் யாருக்கு உரிமை இருந்தது, யார் தொட்டால் திட்டு விழும், கடைசியில் அது எங்கே போனது? இதை எழுதினால் அந்தக் குடும்பமே வந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, நினைத்துப் பார்க்கிற ஆளை விட்டுவிடுவது. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். இப்போது நினைத்தால் இரக்கமாக இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, உடனே தண்ணீருக்குப் போய்விடுகிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி விளையாடிய பெண்களோடு கைகோத்தது, துறையில் தாழ்ந்து கிடந்த மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் மிரள "துடும்" என்று ஆழத்தில் குதித்தது, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். நம்மில் பலர் அந்தக் கேள்வியோடு பேனாவை மூடிவிடுவோம். அவர் மூடவில்லை. பூண் போட்ட தடியை ஊன்றி, உடம்பு நடுங்க, இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் பேசும் கிழவர்களை அப்புறம்தான் காட்டுகிறார். அந்த இருமல் இல்லாவிட்டால் இது வெறும் நீச்சல் வர்ணனை. உங்கள் கதையில் நினைப்பவருக்கு இன்று என்ன வயது, எங்கே இருக்கிறார், இந்த நினைவு ஏன் இப்போது வந்தது என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் கதை இன்னும் தொடங்கவில்லை.

அதே புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டு ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையது. இன்றைய நிலவில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. சோகம், கண்ணீர், வலி என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது. "பொற்காலம்", "மறக்க முடியாத" போன்ற சொற்களை உங்கள் பிரதியில் தேடி அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

சரி, யாருடைய பொற்காலம்? திண்ணையைப் பற்றி உருகி எழுதுகிறோம். அதில் உட்காரவே முடியாமல் தெருவில் நின்றவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். டீக்கடை பெஞ்சைக் கொண்டாடும்போது அங்கே தனியாக வைத்திருந்த குவளை மறந்துபோகிறது. பாட்டியின் விறகடுப்புச் சமையலில் ருசி எழுதப்படுகிறது, அவர் கண்ணில் ஏறிய புகை எழுதப்படுவதில்லை. இதற்காகக் கதைக்குள் பிரசங்கம் செய்ய வேண்டாம். சிறுவன் அந்தக் குவளையைப் பார்த்தான், ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. அவ்வளவு எழுதினால் போதும். வளர்ந்த பிறகு எழுதுகிறவருக்குப் புரிந்திருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியும். இந்த இடைவெளியில்தான் ஏக்கத்துக்கு உண்மையான கனம் கிடைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நினைவு வருடங்களைக் கலந்துவிடும் என்பதால் தகவலையும் சரிபார்க்க வேண்டும். சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975இல், இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982இல். எனவே 1978இல் கிராமத்து வீட்டில் கலர் டிவி ஓடக்கூடாது. லை, னை போன்ற எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த ஆணை தமிழ்நாட்டில் வந்தது 1978இல். 1970ஆம் ஆண்டுக் கடைப் பலகையை ஓவியமாக வரைகிறவர் தும்பிக்கை வைத்த பழைய லை, னை போட வேண்டும்.

ஓவியத்திலும் புகைப்படத்திலும் இன்னொன்று: பழையது என்றாலே பழுப்பு நிறம் பூசிவிடுவது. 1980களின் கலர் படங்கள் உள்ள ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். பல படங்கள் சிவப்பேறிப் போயிருக்கும். காரணம், அவற்றிலுள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. எந்தக் காலத்தை வரைகிறீர்களோ அந்தக் காலத்துப் படங்கள் நான்கைந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து நிறத்தை எடுங்கள்.