ஜப்பான் தெருக்கடையில் உட்காரும் முன்

பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு மறுபடி ஜப்பான் போகிறவர்களுக்குத் தெருக்கடைச் சாப்பாட்டில் சில மாற்றங்கள் கண்ணில் படும். 2024 ஜூலையில் புது யென் நோட்டுகள் வந்துவிட்டன. பழையதும் செல்லும், கவலை வேண்டாம். திருவிழாக் கடைகளில் ரொக்கம் கேட்பவர்கள் இன்னும் அதிகம் என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவில் குஷிகாட்சு (குச்சியில் கோத்துப் பொரித்தது) சாப்பிட்டால், பொதுச் சாஸ் தொட்டியில் ஒருமுறைதான் முக்கலாம். கடித்ததை மறுபடி முக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் தொட்டியை எடுத்துவிட்டுப் பாட்டிலில் சாஸ் தருகின்றன. எனக்கென்னவோ தொட்டிதான் பிடிக்கும்!

தள்ளுவண்டிக் கடைகளுக்கு, அதாவது யாதாய்க்கு, இன்றும் பேர்போனது ஃபுகுவோகா நகரம்தான். நகாசு ஆற்றங்கரையிலும் தென்ஜின் பகுதியிலும் மாலை ஆறு மணிவாக்கில் விரிப்பார்கள். ஒரு கடையில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே நெருக்கம்தான். அதனால் இரண்டு மூன்று பேராகப் போங்கள், ஆளுக்கு ஒரு அயிட்டமாவது வாங்குங்கள், முடிந்ததும் எழுந்து இடம் விடுங்கள். கடையில் கழிப்பறை இருக்காது. முன்பே போய்விட்டு வருவது நல்லது. பலத்த மழை என்றால் கடையே இருக்காது.

சைவக்காரர்கள் கவனிக்க: தகோயாகியில் (உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்ட மாவு உருண்டை) ஆக்டோபஸை எடுத்துவிட்டாலும் மாவிலேயே மீன் சாறு கலந்திருக்கும். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, யாகிஇமோ, பயமில்லாமல் சாப்பிடலாம். குளிர்காலத்தில் சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே சூடாகக் கிடைக்கும்.