அலைன்மென்ட் ஷெட்டுக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

என் ஆறு சக்கர லாரிக்கு முன்னால் புது ரேடியல் ஜோடி போட்டு 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஒரு டயரில் வெளி ஓரமும் மற்றதில் உள் ஓரமும் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) கரைந்து கிடந்தன. ஒரு ஷெட்டில் இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தேன். இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வண்டி வலது பக்கம் இழுப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு மழை நாளில் நாமக்கல் அருகே டீக்கடையில் நிறுத்தியபோது, பின்னால் வந்த டிரைவர்தான் சொன்னார்: "அண்ணா, உங்க வண்டி நேராப் போகலைங்க. வால் இடது பக்கம் தள்ளிப் போகுது. ஈர மண்ணுல ஓட்டிப் பாருங்க." ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் பின் டயரின் தடம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து மூன்று விரல் அகலம் வெளியே தள்ளி விழுந்திருந்தது.

அன்றிலிருந்து நான் பின் ஆக்சிலில்தான் ஆரம்பிக்கிறேன். சமதரையில் நிறுத்தி, பின்பக்க ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட்டில் உள்ள ஆணியிலிருந்து ஆக்சிலின் நடு வரை டேப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவேண்டும். 3 மில்லி வித்தியாசம் வரை நான் விட்டுவிடுவேன். என் வண்டியில் இடப்பக்கம் 11 மில்லி கூடுதல். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங் பட்டைகளுக்குள் சென்டர் போல்ட் ஒடிந்து, ஆக்சில் அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்திருந்தது. பின்பக்கம் இடதுக்குப் போய் வண்டியின் மூக்கை வலதுக்குத் தள்ள, நான் நாளெல்லாம் ஸ்டியரிங்கை இடதுக்குப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். முன் டயர் தேயாமல் என்ன செய்யும்? டாரஸ் வண்டி என்றால் இரண்டு பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் இரு பக்கமும் அளந்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்டம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள், பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் போடுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? கிளீனரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி). பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு எண்ட் (ராடின் நுனி மூட்டு) தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். இதில் எது ஆடினாலும் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. இன்று வைத்த அளவு நாளைக்கு இருக்காது.

இப்போது டோ, அதாவது முன் டயர் இரண்டும் முன்பக்கம் உள்ளே ஒடுங்கியோ வெளியே விரிந்தோ நிற்கும் அளவு. சக்கரம் தூக்கிய நிலையிலேயே டயரைச் சுற்றிவிட்டு, நடுப் பட்டனில் சாக்பீஸைத் தேய்த்து, ஆணியை அசையாமல் பிடித்து ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். இரண்டு டயரிலும் இப்படியே. வண்டியை இறக்கி, நேராக ஏழெட்டு மீட்டர் முன்னால் உருட்டி நிறுத்துங்கள். ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. ஹப் உயரத்தில், டயரின் பின்பக்கம் கோட்டுக்குக் கோடு அளங்கள், பிறகு முன்பக்கம். முன்பக்கம் குறைவாக இருந்தால் டோ இன், கூடுதலாக இருந்தால் டோ அவுட். என் வண்டிக்கு டோ இன் 1 முதல் 2 மில்லி வைக்கிறேன். உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதே உங்களுக்குக் கணக்கு.

இத்தனை சின்ன அளவுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. டோ 6 மில்லி இருந்தால் ஒரு டயருக்கு 3 மில்லி. லாரி டயரின் குறுக்களவு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னைக்கு 360 கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஒரு கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தரையில் தேய்த்திருப்பீர்கள்.

டேப் இல்லாவிட்டாலும் கை சொல்லும். உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவுங்கள். உள்ளிருந்து வெளியே போகும்போது பட்டன் ஓரம் கத்திபோல் உறைத்தால் டோ இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது உறைத்தால் டோ அவுட்.

திருத்துவது எளிது. டை ராடின் இரு கிளாம்ப் போல்ட்டையும் தளர்த்தி, பைப் ரெஞ்சால் ராடைச் சுற்றுங்கள். ஆக்சிலுக்குப் பின்னால் டை ராடு உள்ள வண்டியில், ராடு நீண்டால் டோ இன் கூடும். மறுபடி உருட்டி, மறுபடி அளக்க வேண்டும். நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்று டை ராடில் கை வைக்காதீர்கள். அதற்கு ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் இருக்கிறது. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் டயரின் சாய்வு) தப்பாக இருக்கிறது என்று ஆக்சிலைச் சூடுகாட்டி வளைப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள், சூடு பட்ட ஆக்சிலை நம்பி லோடு ஏற்ற முடியாது.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். நம் ரோடு இடது ஓரமாகச் சரிந்திருக்கும், கொஞ்சம் இடதுக்குப் போவது ரோட்டின் வேலை. புது யூ போல்ட் போட்டிருந்தால் முதல் லோடு இறக்கிய கையோடு டார்க் ரெஞ்சை வைத்து மறுபடி முறுக்குங்கள். நான் அப்படி முறுக்கியபோது நான்கு நட்டுமே அரைச் சுற்று உள்ளே போனது.