வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்

ரங்கூனில் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு ஒரு மணிக்கு வந்தாலும் அம்மா எழுந்து மோட்டாரைப் போட்டு, டிரம் நிரம்பும்வரை பக்கத்திலேயே நின்று, விடிந்தால் இருக்காதே என்று ரைஸ் குக்கரையும் தட்டிவிட்டுத்தான் படுப்பார். காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து, "நம்ம வீட்டுல எல்லாம் தானா நடக்குது" என்பார். மனதாரத்தான் சொல்கிறார், அவர் கண்ணுக்குத் தெரியும் வீடு அதுதான்.

இந்த வித்தியாசத்தைச் சண்டை போடாமல் தெரிந்துகொள்ள ஐந்து கேள்விகள் போதும். கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டீன் என்ற அமெரிக்கக் குடும்ப மருத்துவர் 1978-இல் வெளியிட்டவை, ஃபேமிலி ஆப்கார் என்று பெயர். சிக்கல் வந்தால் வீட்டில் கைகொடுக்கிறார்களா? விஷயங்களை என்னோடு கலந்து பேசுகிறார்களா? புதிதாக ஏதாவது செய்ய நினைத்தால் துணை நிற்கிறார்களா? பாசம் காட்டுவதும் என் கோபதாபத்தைப் புரிந்துகொள்வதும் திருப்தியாக இருக்கிறதா? சேர்ந்திருக்கும் நேரம்? அநேகமாக எப்போதும் என்றால் 2, சில நேரம் என்றால் 1, அரிதாக என்றால் 0. மொத்தம் 10-க்கு 7 அல்லது மேலே வந்தால் நல்லது, 4 முதல் 6 வரை கொஞ்சம் தள்ளாட்டம், அதற்கும் கீழே என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அப்பா பதில் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள், தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து சராசரி எடுக்காதீர்கள். அப்பா 10, அம்மா 5 போட்டால் 7.5 என்று கணக்கு வரும், நல்ல குடும்பம் என்று மூடி வைத்துவிடுவோம், அம்மா எழுதியது அங்கேயே காணாமல் போய்விடும். எந்தக் கேள்வியில் விலகல் அதிகம் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது இரண்டாவது கேள்வி. அண்ணனை மலேசியாவுக்கு அனுப்பும் முடிவைக் கலந்து பேசித்தான் எடுத்தோம் என்று அப்பா 2 போட்டிருந்தார், எல்லாம் முடிவான பிறகு என்னிடம் சொன்னார்கள் என்று அம்மா 0. அது ஒரே நாள் ராத்திரி, ஒரே பேச்சு!

பெண்கள்தான் எப்போதும் குறைத்துப் போடுவார்கள் என்று முன்னாலேயே முடிவுகட்ட வேண்டாம். ஆய்வுகளிலும் ஒரே மாதிரி முடிவு இல்லை, சிலவற்றில் ஆண் பெண் வித்தியாசமே தெரிவதில்லை. பெற்றோரைவிடப் பதின்வயதுப் பிள்ளைகள் குறைவாகப் போடுவதும் சகஜம்.

யாராவது அடி உதைக்குப் பயந்து 0 போட்டிருக்கிறார் என்று தோன்றினால் அந்தத் தாளை யாருக்கும் காட்டாதீர்கள், அவரோடு மட்டும் தனியாகப் பேசுங்கள். மற்றபடி, குறைவாகப் போட்டவர் முதலில் பேசட்டும், அதிகம் போட்டவர் "எப்ப அப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேட்கட்டும். ஒரே ஒரு மாற்றத்தோடு ஆரம்பியுங்கள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோட்டார் போடுவது அப்பா. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே ஐந்து கேள்விகள், புதுத் தாளில்.