உணவு ஒவ்வாமை: நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பயிற்சிக் குழு தொடங்குவது எப்படி?

வேர்க்கடலையோ பாலோ முந்திரியோ ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால், அம்மாவும் அப்பாவும் மட்டும் எச்சரிக்கையாக இருப்பது போதாது. பள்ளி, பாட்டி வீடு, பக்கத்து வீட்டுக் கொலு, கல்யாணப் பந்தி என்று குழந்தை சாப்பிடும் இடங்கள் பல. அங்கெல்லாம் உடன் இருப்பவர்களுக்கும் ஆபத்தின் அடையாளம் தெரிய வேண்டும், அவர்கள் கை பழகியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்வது கடினம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் மூன்று கூட்டங்களில் முடித்துவிடலாம். ஆறுதல் பேச்சு கூடும்போது தானாக வரும். பயிற்சி அப்படி வராது, திட்டமிட வேண்டும்.

படி 1: எது ஆகாது என்பதை மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள்

குழுவில் சேரும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் ஒவ்வாமை மருத்துவரோ குழந்தைநல மருத்துவரோ எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்திருக்கட்டும். "பால் சேராது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்புவது ஒன்று. பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக எண்ணித் தாக்குவது இன்னொன்று. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை இந்த இரண்டாவதுதான். லாக்டோஸ் நீக்கிய பால் முதல் வகைக்கு உதவும். இரண்டாவது வகைக் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் விபரீதம், ஏனென்றால் புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப் பாலும் மாற்று ஆகாது, அதன் புரதம் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது.

இரத்தப் பரிசோதனையில் நாற்பது ஐம்பது உணவுகளின் பட்டியல் வந்தால் அத்தனையையும் நிறுத்திவிடாதீர்கள். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 26 பேருக்கு மேல் ஏதாவது ஓர் உணவுக்குப் பரிசோதனை பாசிட்டிவ். சாப்பிட்டால் உண்மையில் ஒவ்வாமை வரக்கூடியவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவுதான். பாசிட்டிவ் என்பதும் ஒவ்வாமை என்பதும் ஒன்றல்ல. இரத்தத்தில் ஒருவகை எதிர்ப்புப் புரதத்தை அளந்து, ஐஜிஜி பரிசோதனை என்று விற்கப்படும் பட்டியலுக்கு ஒவ்வாமையைக் கண்டறியும் மதிப்பே கிடையாது. தேவையின்றிப் பாலையும் கோதுமையையும் பருப்பையும் நிறுத்தினால் குழந்தையின் எடைதான் குறையும்.

படி 2: ஆட்களைச் சேருங்கள்

நான்கு குடும்பம் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், பள்ளியிலும் குடியிருப்பிலும் கேளுங்கள். அம்மாக்கள் மட்டும் வந்தால் குழு பாதிதான். தாத்தா பாட்டியில் ஒருவரையாவது அழைத்து வரச் சொல்லுங்கள். கூட்டத்தில் டீ, காபி, பிஸ்கட் எதுவும் கிடையாது என்பது முதல் நாளே விதியாக இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு ஆகும் பலகாரம் இன்னொரு குழந்தைக்கு ஆகாது.

படி 3: குழந்தைக்கு ஒரு பக்க அட்டை

அட்டையில் வேண்டியவை: படம், பெயர், எடை, ஆகாத உணவு, அடையாளங்கள், செய்ய வேண்டியது, மருந்தின் அளவு, இரண்டு தொலைபேசி எண்கள், 108. எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று. எடை மாறினால் மருந்தின் அளவும் மாறும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுங்கள்.

ஆகாத உணவின் பெயரில்தான் பெரிய தவறு நடக்கும். "கடலை ஆகாது" என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? கடலை மாவு கொண்டைக்கடலைப் பருப்பில் அரைத்தது. கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் வேர்க்கடலை. சட்னிக்குப் போடுவதோ பொட்டுக்கடலை, சில ஊர்களில் உடைச்ச கடலை. வேர்க்கடலையையே நிலக்கடலை, மணிலா, மல்லாட்டை, மல்லாக்கொட்டை என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் சொல்கிறோம். உங்கள் வட்டாரத்தில் வழங்கும் பெயர்கள் அத்தனையையும் எழுதி, பக்கத்தில் அந்தப் பொருளின் படத்தையும் ஒட்டுங்கள். சமைக்க வரும் அக்காவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் படம் தெரியும்.

படி 4: முதல் கூட்டம், காலி பாக்கெட்டுகளோடு

ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து பத்து காலி பாக்கெட்டுகள் கொண்டு வரட்டும். பிஸ்கட், மிக்சர், பெருங்காயம், சாம்பார் பொடி, சாக்லேட், பிரெட். முக்கால் மணி நேரம் அவற்றைப் படிப்பதுதான் கூட்டம்.

எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, சில பொருள்கள் இருந்தால் "கன்டெய்ன்ஸ்" (இதில் உள்ளவை) என்று தனியாக அறிவிக்க வேண்டும்: கோதுமை போல குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும், சோயா, உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் (கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால்). இந்தப் பட்டியலில் எள்ளும் கடுகும் இல்லை, கொண்டைக்கடலையும் இல்லை. நம் சமையலில் தினமும் புழங்கும் பொருள்கள் இவை. ஆகவே எள் ஆகாத குழந்தையின் வீட்டில் அந்த "கன்டெய்ன்ஸ்" வரியோடு நிறுத்தக்கூடாது, சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். "மே கன்டெய்ன்" (கலந்திருக்கலாம்) வரி இல்லாததை உத்தரவாதமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாறுவேடப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேசின், வே, மில்க் சாலிட்ஸ் மூன்றும் பால். ஆல்புமின் பெரும்பாலும் முட்டை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. முன்பு படித்த பாக்கெட்தானே என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள், சேர்மானம் சொல்லாமல் மாறும். கடையில் உதிரியாக நிறுத்துத் தரும் பலகாரத்துக்கு லேபிளே கிடையாது. அதை அறவே விடுவதுதான் நல்லது.

படி 5: இரண்டாம் கூட்டம், ஒரு வீட்டுச் சமையலறையில்

மிக்சி மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். நேற்று அரைத்த பொடி அடியில் ஒட்டியிருக்கும். பிளேடின் அடிப்பக்கமும் அப்படித்தான். குழந்தைக்கென்று ஒரு சின்ன ஜார் தனியாக வாங்குவது எளிய வழி. முட்டை தோசை ஊற்றிய கல்லில் அடுத்த தோசை, வடை பொரித்த எண்ணெயில் அப்பளம், குருமா கரண்டியைச் சாம்பாரில் விடுவது என்று கலப்பு நடக்கும் இடங்களை ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை நினைத்து எழுதட்டும். மாவு மில்லில் உங்கள் அரிசிக்கு முன் எதை அரைத்தார்கள் என்று கேளுங்கள்.

மரச்செக்கு எண்ணெய் நல்லதுதான், ஆனால் வேர்க்கடலையோ எள்ளோ ஆகாத குழந்தைக்கு அல்ல. செக்கில் ஆட்டிய எண்ணெயில் விதையின் புரதம் மிஞ்சியிருக்கும். நெய்யிலும் பால் புரதம் சிறிது இருக்கும், ஆகவே பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நெய்யும் ஆகாது.

கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது.

படி 6: மூன்றாம் கூட்டம், ஊசிப் பயிற்சி

இதற்கு ஒரு மருத்துவரோ செவிலியரோ கூட இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் நடத்தாதீர்கள்.

முதலில் அடையாளங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கம்முதல், விடாத இருமல், இழுப்பு, தலைசுற்றல், சின்னக் குழந்தை துவண்டு போவது. தடிப்போடு மூச்சோ வயிறோ சேர்ந்து பாதித்தால், அல்லது ஆகாததைச் சாப்பிட்ட பின் மூச்சு மட்டும் திணறினாலும், அது தீவிர ஒவ்வாமை. தடிப்பே வராமலும் நிகழலாம். காணாக்கடி என்று நினைத்து வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்பதும், சிட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்ப்பதும் உயிரைப் பறிக்கும் தாமதம். சிட்ரிசின் அரிப்பைத்தான் தணிக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான்.

வெளிநாடுகளில் பேனா போன்ற தானியங்கி ஊசி தருவார்கள். இந்தியாவில் அது எளிதில் கிடைப்பதில்லை, அதனால் பல மருத்துவர்கள் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதித் தருகிறார்கள். இதற்குப் பயிற்சி அவசியம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், எழுதிய குறிப்பை மட்டும் வைத்து ஆம்பூலிலிருந்து குழந்தைக்கான அளவை உறிஞ்சப் பெற்றோருக்குச் சராசரியாக 142 விநாடி ஆனது. அவசரப் பிரிவுச் செவிலியருக்கு 29 விநாடி. பெற்றோர் எடுத்த அளவும் ஒருவருக்கொருவர் பல மடங்கு வேறுபட்டது.

வழக்கமான கணக்கு: ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைகளுக்கு உச்சம் மொத்தம் 0.3 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூல் என்றால் 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி. இந்தக் கணக்கு சரிபார்க்க மட்டும். உங்கள் குழந்தைக்கு மருத்துவர் எழுதிய அளவுதான் அட்டையில் இருக்க வேண்டும்.

சிரிஞ்சில் கவனம் தேவை. 0.01 மில்லிக்கு ஒரு கோடு உள்ள 1 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். சிவப்பு மூடி உள்ளதில் 40 யூனிட் ஒரு மில்லி. பதற்றத்தில் 0.15-ஐ "15" என்று எண்ணி இழுத்தால் 0.375 மில்லி ஏறிவிடும், இரண்டரை மடங்கு. அதன் ஊசியும் குட்டை, தசையை எட்டாமல் தோலுக்கடியிலேயே நின்றுவிடும். எத்தனை மில்லிமீட்டர் ஊசி என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

பயிற்சிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக்கான நீர் ஆம்பூல்களும் நான்கு ஆரஞ்சுப் பழங்களும் போதும்.

1. ஆம்பூலின் தலையைச் சுண்டி, மேலே நிற்கும் நீரைக் கீழே இறக்குங்கள்.
2. கழுத்தைப் பஞ்சுத் துணியால் சுற்றி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஒடியுங்கள்.
3. உறிஞ்சி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றுக் குமிழை வெளியேற்றி, கோட்டைச் சரிபாருங்கள்.
4. பழத்தில் நேராக, செங்குத்தாகக் குத்தி முழுவதும் செலுத்துங்கள்.

குழந்தைக்குப் போடும் இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. கை அல்ல, பிட்டம் அல்ல. போட்டதும் 108. குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரட்டும், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். தெளிந்துவிட்டது என்று எழுந்து நடக்க விடாதீர்கள், திடீரென்று நிற்கும்போது இரத்த அழுத்தம் சரியும். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவர் எழுதியபடி இரண்டாம் ஊசி. குணமானாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரத்தில் இரண்டாம் அலை வரலாம்.

ஆம்பூலை ஸ்கூட்டர் பெட்டியிலோ கார் டேஷ்போர்டிலோ விடாதீர்கள், ஃபிரீசரிலும் வைக்காதீர்கள். வெயிலும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்கும். நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். குழுவில் ஒருவர் மாதம் ஒருமுறை எல்லா வீட்டு ஆம்பூல்களின் காலாவதித் தேதியையும் கேட்டு எழுதட்டும். இன்னொருவர் சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய், இரவிலும் அட்ரினலினும் அதைப் போட ஆளும் இருக்கிறார்களா என்று விசாரித்து ஒரு வரைபடம் போடட்டும்.

படி 7: பள்ளி

தலைமையாசிரியரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அரசுப் பள்ளியென்றால் சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் நேரில் பாருங்கள். முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தில் வரும் ரவா உப்புமாவும் சேமியாவும் கோதுமை ஒவ்வாமைக்கு ஆகாது, பொங்கலில் அந்தச் சிக்கல் இல்லை என்றாலும் பெருங்காயத்தைக் கேட்டு வையுங்கள். பிறந்தநாள் சாக்லேட்டுக்குப் பதிலாகக் கொடுக்க, வகுப்பாசிரியரிடம் ஒரு டப்பாவில் உங்கள் குழந்தைக்கு ஆகும் மிட்டாயை வைத்துவிடுங்கள். மற்றவர்கள் சாப்பிடும்போது அது வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை. வேன் ஓட்டுநருக்கும் ஓர் அட்டை.

படி 8: விசேஷ வீடுகள்

"முந்திரி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் பந்தி அவசரத்தில் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை. மேலே தூவியதை மட்டும் நினைத்துச் சொல்கிறார்கள், அரைத்து ஊற்றியதை அல்ல. "மாஸ்டர், குருமாவுக்கு என்னென்ன அரைச்சீங்க?", "சட்னிக்குத் தேங்காயோட வேற என்ன சேர்த்தீங்க?", "வடை போட்ட எண்ணெய் எது?" என்று கேளுங்கள். குழுவில் இருவர் இருவராக நின்று இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள், கூச்சம் போகும். பதில் தெளிவாக இல்லையென்றால் இலையில் எதுவும் வைக்க வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்து, பந்தியில் எல்லோருடனும் உட்கார வைத்தே ஊட்டுங்கள்.