‘முதுகு பிடித்துக்கொள்கிறது, வரலாமா?’: சின்ன யோகா வகுப்பின் இணையதளத்தைத் தேடலில் வரவைப்பது

எங்கள் வகுப்புக்கு இணையதளம் அமைத்து ஏழு மாதமாகியும் அதைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட வரவில்லை. தளம் அழகாகத்தான் இருந்தது. முகப்பில் நான் பத்மாசனத்தில் உட்கார்ந்திருந்தேன், பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. கீழே ‘உள்ளொளி நோக்கி ஒரு பயணம்’ என்று எழுதியிருந்தது. அமைத்துக் கொடுத்தவரைக் கேட்டால் “நாள் பிடிக்கும்” என்றார்.

கடைசியில் நானே உட்கார்ந்து துழாவியபோது காரணம் கிடைத்தது. வேலை முடியும்வரை தேடுபொறிகள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று போட்டுவைத்த ஒரு டிக், வேலை முடிந்த பிறகும் எடுக்கப்படவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, ஆள் வரவில்லையே என்று ஏழு மாதம் புலம்பியிருக்கிறேன்.

ஆகவே எதையும் தொடங்கும் முன் இதைப் பாருங்கள். கூகுளில் ‘site’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கமும் வராவிட்டால் பூட்டு எங்கோ விழுந்திருக்க வாய்ப்புண்டு. வேர்ட்பிரஸ் தளமானால் அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பகுதியில் அந்த டிக் இருக்கும். அடுத்து கூகுள் சர்ச் கன்சோலில், அதாவது தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியில், தளத்தைப் பதிவு செய்யுங்கள். அது இலவசம். தள வரைபடக் கோப்பை (சைட்மேப், உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியல்) அங்கே கொடுத்துவிட்டால் பக்கங்களைக் கண்டுபிடிப்பது கூகுளுக்கு எளிதாகும். ஒரு குறிப்பிட்ட பக்கம் ஏன் சேரவில்லை என்பதையும் அங்கேயே முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இனி முக்கியமான வேலை. அதற்குக் கணினி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வகுப்பைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசியில் அழைப்பவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை, திருத்தாமல் அப்படியே எழுதிவையுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தவை இவை: ‘முதுகு பிடித்துக்கொள்கிறது, வரலாமா?’ ‘தரையில் உட்கார முடியாது, நாற்காலியில் செய்யலாமா?’ ‘நான்கு மாதக் கர்ப்பம், இப்போது தொடங்கலாமா?’ ‘வேலைக்குப் போகும் முன்னால் வகுப்பு உண்டா?’ ‘ஐம்பத்தெட்டு வயதில் உடம்பு வளையுமா?’ இரண்டு மாதத்தில் நாற்பதுக்கும் மேல் சேர்ந்தன. உள்ளொளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. புஜங்காசனத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தப் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே எங்கோ கற்றுக்கொண்டிருப்பவர். புதிதாக வருபவர் தன் வலியின் பெயரைத்தான் தேடல் பெட்டியில் தட்டுகிறார்.

அந்தக் கேள்விகளே உங்கள் பக்கங்கள். என் தளத்தில் எல்லா வகுப்புகளும் ஒரே பக்கத்தில், ஆளுக்கு இரண்டு வரியாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதைப் பிரித்தேன். நாற்காலி யோகாவுக்கு ஒரு பக்கம், கர்ப்பிணிகளுக்கு ஒன்று, முதல் நாள் வருபவருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் யாருக்கு ஏற்றது, யார் மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும், எவ்வளவு நேரம், என்ன உடுத்தி வரலாம், முதல் வகுப்பில் என்ன நடக்கும் என்று எழுதினேன். ‘யோகா’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதலிடம் பிடிக்க நினைக்காதீர்கள். அங்கே கலைக்களஞ்சியங்களும் பெரிய நிறுவனங்களும் உட்கார்ந்திருக்கின்றன. ‘முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி யோகா’ என்ற சந்தில் கூட்டம் குறைவு.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை இருபது முறை நகலெடுக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். கூகுளின் விதிகளில் அது மோசடி வகையில் சேரும். ஒரே சொல்லை வரிக்கு வரி திணிப்பதும் அப்படியே.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். நான் சொல்வது தேடல் முடிவில் பெரிதாகத் தெரியும் வரியை. என் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் அது ‘முகப்பு’ என்றே இருந்தது! ‘முதியோருக்கான நாற்காலி யோகா, காலை வகுப்பு’ என்று தொடங்கி, பகுதியின் பெயர், கடைசியில் வகுப்பின் பெயர் என்று மாற்றினேன். நீளமானால் வால் வெட்டுப்படும், ஆகவே முக்கியமானது முன்னால் வரட்டும். அதன் கீழே வரும் சிறுவிளக்கம் உங்களை மேலே ஏற்றாது. ஆனால் படித்தவரைச் சொடுக்க வைக்கும். கூகுள் சில சமயம் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தே வேறு வரியை எடுத்துப் போடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ‘கீவேர்ட்ஸ்’ என்ற மறைவான குறிச்சொல்லை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வழியனுப்பிவிடுங்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

படங்களில் இரண்டு தவறு செய்திருந்தேன். வகுப்பு நேரங்கள் முழுவதும் ஒரு வண்ணச் சுவரொட்டியாக, படமாக இருந்தன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. அதை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். இன்னொன்று, கைப்பேசியில் எடுத்த படங்களைச் சுருக்காமல் ஏற்றியது. முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படங்களைச் சுருக்கியதிலேயே என் தளம் அதற்குள் வந்துவிட்டது. கூகுள் பார்ப்பது கைப்பேசிக்கான வடிவத்தைத்தான், அதனால் சோதனையையும் கைப்பேசியில் செய்யுங்கள்.

உடல்நலம் தொடர்பான பக்கங்களைக் கூகுள் மற்றவற்றைவிடக் கண்டிப்பாகவே எடைபோடுகிறது. அதன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்ற அளவுகோலும் சேர்ந்தது. ஆகவே யார் சொல்லிக்கொடுக்கிறீர்கள், எங்கே பயின்றீர்கள், எத்தனை ஆண்டாக நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘சர்க்கரை நோயை ஒழிக்கும்’ போன்ற வாக்கியங்களை அழித்துவிடுங்கள். தேடுபொறிக்காக மட்டும் சொல்லவில்லை, அதை நம்பி மருந்தை நிறுத்திவிட்டு வருபவர் உங்கள் பாயில்தான் மயங்கி விழுவார்.

அடுத்தது கூகுள் மேப்ஸ் வரைபடம். சின்ன வகுப்புக்கு இது தளத்தைவிடப் பெரிது என்பது என் அனுபவம். அங்கே உங்கள் வகுப்பைக் காட்டும் பதிவின் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அது இலவசம். அருகிலுள்ள இடங்களை வரிசைப்படுத்தப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தத்துக்குச் சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள்: ‘யோகா ஸ்டுடியோ’வும் ‘யோகா பயிற்றுநர்’ என்பதும் தனித்தனி வகைகள். பலகையில் இருக்கும் பெயரையே கொடுங்கள், ‘சிறந்த யோகா வகுப்பு’ என்று வால் சேர்க்காதீர்கள். விடுமுறை நாள்களையும் குறித்துவையுங்கள். நீங்கள் மாணவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பவரானால் முகவரியை மறைத்து, செல்லும் பகுதிகளை மட்டும் காட்டலாம். முழுக்க ஆன்லைனில் மட்டும் நடத்துபவருக்கு இந்தப் பதிவுக்குத் தகுதி இல்லை.

விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம், அதற்குப் பரிசோ கட்டணச் சலுகையோ தரக் கூடாது. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும் விதிக்கு எதிரானது. எல்லாரிடமும் கேளுங்கள். எனக்கு ஒருவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, சவாசனத்தின்போது மின்விசிறி கிரீச்சிடுகிறது என்று எழுதினார். உண்மைதான். மாற்றிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று பதில் எழுதினேன்.

பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் பயன்படும், விலைக்கு வாங்கினால் அது விதிமீறல். எனக்கு நோயாளிகளை அனுப்பும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறார். அவர் தளத்தில் என் நாற்காலி யோகா பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கேட்டேன், கொடுத்தார். இந்த விஷயத்தில் நான் செய்தது அவ்வளவுதான்.

பிறகு காத்திருங்கள். மாற்றங்கள் தெரியச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். தினமும் உங்கள் பெயரை நீங்களே தேடிப் பார்ப்பதில் பயனில்லை. மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்தால், எந்தச் சொற்களுக்குத் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று தெரியும். பதினாறு மாதக் கணக்கு அங்கே இருக்கும். நிறையக் காட்டப்பட்டும் சொடுக்குவார் இல்லையென்றால் தலைப்பைத் திருத்துங்கள். பத்தாவது இடத்துக்குச் சற்றுக் கீழே தொங்கும் பக்கமானால் அதில் இன்னும் விவரம் சேருங்கள்.

போன வாரம் அந்தப் பட்டியலில் ‘குதிகால் வலிக்கு யோகா’ என்ற தேடல் இருந்தது. நான்கு முறை, ஐம்பதாவது இடத்துக்கும் அப்பால். எனக்கு அதற்கென்று ஒரு பக்கம் இல்லை. நோட்டைப் புரட்டினேன், அதே கேள்வி இரண்டு இடத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. அன்றைக்கு அந்தப் பக்கத்தை எழுதப் போகிறேன்.