டெஸ்டோஸ்டிரோன் குறைவா? ஊசி போடுவதற்கு முன் நடக்கும் தவறுகள்

ரிப்போர்ட்டில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்ததும் பலர் நேராக ஊசி, ஜெல் என்று போய்விடுகிறார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பெரிய கவலையே இதுதான். காரணம் தைராய்டிலோ, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலோ இருந்தால், ஊசி ரிப்போர்ட்டில் வரும் அளவை மட்டும் ஏற்றும். நோய் உள்ளே அப்படியே இருக்கும்.

முதல் கோளாறு ரத்தம் கொடுக்கும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும். அதனால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும்போது கொடுத்தால் அளவு தானாகவே குறைந்து வரும். வேறொரு நாள் இன்னொரு முறை பார்த்து, அப்போதும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இரண்டு முறையும் குறைவு. அடுத்து தைராய்டைப் பார்க்காமல் விடக் கூடாது. டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் என்ற புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் ஓடுகிறது. எதிலும் ஒட்டாமல், உடம்புக்கு நேரடியாகப் பயன்படுவது சுமார் 2 சதவீதம். தைராய்டு குறைந்தால் எஸ்.எச்.பி.ஜி. குறையும், கூடவே மொத்த அளவும் இறங்கும். ஆனால் ஒட்டாத பகுதி ஓரளவு சரியாகவே இருக்கலாம். தைராய்டு கூடினால் இதற்கு நேர்மாறு: எஸ்.எச்.பி.ஜி. ஏறி, மொத்த அளவு நன்றாகவே தெரியும். ஒட்டாத பகுதியோ குறைந்திருக்கலாம், சிலருக்கு மார்பு வீங்கும். மொத்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்தால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம். உடல் பருமனும் சர்க்கரை நோயும்கூட எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும்.

தைராய்டு நன்றாகக் குறைந்துபோனால், பிட்யூட்டரி சுரக்கும் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனும் ஏறலாம். அது மூளையிலிருந்து விதைக்குப் போகும் கட்டளையையே அடக்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குத் தைராய்டு மாத்திரையிலேயே டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் ஏறக்கூடும். தைராய்டு சரியாக இருந்தும் ப்ரோலாக்டின் மிக அதிகம் என்றால், பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யவைக்க பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) நார்மல், அதனால் தைராய்டு நார்மல் என்பதும் ஒரு தவறு. பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் டி.எஸ்.எச். ஏறாது. தைராய்டே சுரக்கும் ஹார்மோனின் ஒட்டாத அளவான ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில லேப் முறைகளில் அது தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் எண்களையே மாற்றிக் காட்டும்.

டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி விதைக்கு அனுப்பும் ஹார்மோன் எல்.எச். இதன் விஷயத்தில் ரிப்போர்ட்டே ஆளை ஏமாற்றும். டெஸ்டோஸ்டிரோன் 180 (ng/dL), எல்.எச். 3 (IU/L) என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் தாளில் எல்.எச். பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது, நார்மல் என்று தோன்றும். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு இறங்கியிருக்கும்போது எல்.எச். ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் நிற்கிறது என்றால் கோளாறு மேலே, பிட்யூட்டரி பக்கம். எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விதையில். க்ளைன்ஃபெல்டர் (ஆணுக்குப் பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது), பெரியவரான பின் வந்த பொன்னுக்கு வீங்கி போன்ற காரணங்களைத் தேடுவார்கள். வலிக்கு எடுக்கும் ஓபியாய்டு மருந்துகள், ஸ்டீராய்டு, உடம்பில் இரும்பு அதிகமாகச் சேர்வது, இவையும் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்கான காரணங்களின் பட்டியலில் உண்டு.

குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து வந்தால் எல்.எச்., விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோன் இரண்டும் அடங்கி, விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்வரை இறங்கலாம். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

பிட்யூட்டரி கோளாறு என்று சந்தேகம் வந்தால், தைராய்டு மாத்திரை தொடங்கும் முன், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசோல் பார்த்தே ஆக வேண்டும். அது குறைந்திருப்பது தெரியாமல் தைராக்ஸின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரண தைராய்டு குறைவு என்றால் மாத்திரை தொடங்கி 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், அது சரியான அளவுக்கு வந்த அப்புறம் டெஸ்டோஸ்டிரோனை மறுபடி பார்க்கலாம். ஆனால் விடாத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.