ஒரு விமானம், ஒரு தேதி: எஃப்-14 மாடலில் குறிகளைச் சரியாகக் கொண்டுவரும் முறை

முதல் ஜெட் மாடல் கிட் வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்பது, "டெக்கால் சுருங்காமல் ஒட்டுவது எப்படி?" என்பதுதான். டெக்கால் என்றால் தண்ணீரில் நனைத்து மாடல் மேல் ஒட்டும் அச்சிட்ட குறி. பதில் கீழே இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் செய்யப்போவது எந்த விமானம், எந்தத் தேதியில் இருந்தபடி? "எஃப்-14" என்பது பதில் ஆகாது. "எஃப்-14ஏ" என்பதும் பாதிப் பதில்தான். அமெரிக்கக் கடற்படையில் 'டாம்கேட்' என்று அழைக்கப்பட்ட இந்தப் போர் விமான ரகம் 1970-களில் தொடங்கி 2006 வரை பறந்தது. அதற்குள் நிறம் மாறியது, எழுத்தின் அளவு மாறியது, மூக்குக்கு அடியில் இருந்த கருவியும் மாறியது. ஒரு வருடத்தின் நிறத்தையும் இன்னொரு வருடத்தின் எண்ணையும் கலந்துவிட்டால் எவ்வளவு சுத்தமான கைவேலையும் எடுபடாது.

1. தேதியை முடிவுசெய்யுங்கள்

ஒரு நல்ல உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1981 ஆகஸ்ட் 19 அன்று, நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து கிளம்பிய இரண்டு எஃப்-14ஏ விமானங்கள் சித்ரா வளைகுடாவுக்கு மேலே லிபியாவின் இரண்டு சு-22 விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. இரண்டுமே விஎஃப்-41 'பிளாக் ஏசஸ்' படைப்பிரிவைச் சேர்ந்தவை. மூக்கில் எழுதியிருந்த எண்கள் 102, 107.

107-இன் கடற்படைப் பதிவு எண் 160390. பதின்மூன்று வருடம் கழித்து, 1994 அக்டோபர் 25 அன்று, இதே 160390 பசிபிக் கடலில் விழுந்தது. அப்போது அதை ஓட்டியவர் காரா ஹல்ட்கிரீன், கடற்படையின் முதல் பெண் எஃப்-14 விமானி. அந்த விபத்தில் அவர் இறந்தார். அப்போது அந்த விமானம் விஎஃப்-213 'பிளாக் லயன்ஸ்' பிரிவில் இருந்தது. வால் எழுத்து வேறு, மூக்கு எண் வேறு, நிறமும் வேறு. உலோகம் அதே உலோகம்தான். ஆனால் மாடல் செய்கிறவருக்கு அவை இரண்டு தனித்தனி விமானங்கள். பதிவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தப் பதிவு முழுக்க நாம் செய்யப்போவது 1981-இன் 102 அல்லது 107. வேறு விமானம் செய்தாலும் முறை இதேதான்.

2. படம் தேடுங்கள்

கிட் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது ஓவியம், ஆதாரம் அல்ல. உள்ளே இருக்கும் வழிகாட்டித் தாளும் யாரோ ஒருவர் படம் பார்த்து வரைந்ததுதான். பெரும்பாலும் ஒரு பக்கத்துப் படம்தான் அவருக்குக் கிடைத்திருக்கும், மறுபக்கத்தை ஊகித்து வரைந்திருப்பார். ஆகவே குறைந்தது மூன்று கோணங்களாவது தேடுங்கள்: இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து. படத்துடன் தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் கப்பலின் பெயரையும் படைப்பிரிவையும் வைத்து ஒரு வருடத்துக்குள் சுருக்கிவிடலாம்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை நிறத்துக்கும் குறிகளுக்கும் நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பல தடவை புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வேறு விமானத்தின் எண்ணைப் போட்டு வைப்பதும் சகஜம். ஆனால் சக்கரக் குழியின் உள்ளே ஓடும் குழாய்கள், இருக்கையின் பட்டைகள், ஏணி மடங்கும் விதம் இவற்றுக்கெல்லாம் அருங்காட்சியகப் படங்களைப் போல உதவுவது எதுவும் இல்லை.

3. எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் கடற்படை விமானத்தில் மூன்று அடையாளங்கள் முக்கியம்.

வாலில் இருக்கும் இரண்டு எழுத்துகள் அது எந்த வான்படைத் தொகுதியை (ஒரு கப்பலில் இருக்கும் படைப்பிரிவுகள் சேர்ந்த குழுவை) சேர்ந்தது என்பதைச் சொல்லும். முதல் எழுத்து 'ஏ' என்றால் அட்லாண்டிக், 'என்' என்றால் பசிபிக். 1981-இல் நிமிட்ஸில் இருந்த 8-ஆம் தொகுதிக்கு 'ஏஜே'. மேலே சொன்ன விஎஃப்-213 இருந்த 11-ஆம் தொகுதிக்கு 'என்ஹெச்'.

மூக்கில் இருக்கும் மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம் தொகுதிக்குள் எந்தப் படைப்பிரிவு என்பதைக் காட்டும். விஎஃப்-41-க்கு 100 வரிசை, அதே கப்பலில் இருந்த விஎஃப்-84-க்கு 200 வரிசை. 00 என்று முடிந்தால் தொகுதித் தலைவரின் பெயரில் இருக்கும் விமானம், 01 என்றால் வழக்கமாகப் படைப்பிரிவுத் தலைவருடையது. வண்ணம் தூக்கலாக இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். டெக்கால் தாளில் மீந்த இலக்கங்களைச் சேர்த்துச் சொந்தமாக ஓர் எண் உருவாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்போது 8, 9 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இந்த எண்கள் பொதுவாக 0 முதல் 7 வரையிலான இலக்கங்களில்தான் ஓடின. 107-க்கு அடுத்தது 110. '108' என்று எழுதிய டாம்கேட்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

மூன்றாவது, ஆறு இலக்கப் பதிவு எண். வால் பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். 102-க்கு அது 160403. மூக்கு எண்ணும் பதிவு எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரே தாளில் நாலைந்து விமானங்களுக்கான எண்கள் இருக்கும், கை மாறிப்போவது எளிது.

4. பசையைத் தொடுவதற்கு முன்

இப்போது பாகங்களைப் பாருங்கள். டாம்கேட் கிட்களில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று மாற்றுப் பாகங்கள் கொடுத்திருப்பார்கள். எதை எடுப்பது என்று உங்கள் படம்தான் சொல்ல வேண்டும்.

மூக்கின் அடிப்பகுதியை முதலில் பாருங்கள். பிற்காலப் படங்களில் அங்கே தொலைக்காட்சிக் கேமராவின் உருளை இருக்கும். அது படையில் பரவலானது 1980-களில்தான். 1981-க்கான மாடலில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடாதீர்கள். அடுத்தது மூக்கின் இடப்பக்கத்தில் இருக்கும் பீரங்கியின் காற்றுத் துவாரங்கள். ஆரம்ப காலத்தவை நீளவாக்கில் வரிசையாக வெட்டிய கீற்றுகள், பிந்தியவை சிறிய குழிவான துளைகள். கடைசியாக, பின்பக்க எஞ்சின் வாய்கள். எஃப்-14ஏ-வின் டிஎஃப்30 எஞ்சினுக்கும், பின்னால் வந்த பி, டி ரகங்களின் எஃப்110 எஞ்சினுக்கும் வாய் வடிவமே வேறு. தரையில் நிற்கும் எஃப்-14ஏ படங்களில் ஒரு வாய் திறந்தும் மற்றது சுருங்கியும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கிட்டில் இரண்டு வடிவமும் இருந்தால் ஒன்று திறந்தது, ஒன்று மூடியது என்று வைத்துப் பாருங்கள். மாடலுக்கு உடனே உயிர் வந்துவிடும்.

ஏவுகணைத் தாங்கிகளுக்கான துளைகளை உள்பக்கத்திலிருந்து போட வேண்டியிருக்கும். உடலை மூடி ஒட்டியபின் அந்தத் துளை எங்கே என்று தேடுவது பெரிய தலைவலி. வழிகாட்டியில் முதல் பக்கத்திலேயே இது சிறிய எழுத்தில் இருக்கும்.

5. நிறம்

1955-இல் இருந்து கடற்படை விமானங்களுக்கு மேலே இளஞ்சாம்பல், கீழே பளபளப்பு வெள்ளை. 1970-களின் பிற்பாதியில் வெள்ளையை விட்டுவிட்டு உடல் முழுக்க அதே சாம்பலை அடிக்கத் தொடங்கினார்கள். 1980-களில் மூன்று மங்கலான சாம்பல்கள் வந்தன. அதோடு நட்சத்திரச் சின்னம், எழுத்து எல்லாமே சாம்பலாகிவிட்டன. நம் 102, 107 நடுவில் இருக்கும் காலத்தவை: முழு உடலும் பளபளப்பான இளஞ்சாம்பல், எஃப்எஸ் 16440 (எஃப்எஸ் என்பது அமெரிக்க அரசின் நிறத் தர எண்). பெயின்ட் வாங்கும்போது கம்பெனியின் பெயரைவிட இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சக்கரக் குழி, சக்கரக் கால், காற்று உள்வாங்கியின் உட்பக்கம் மூன்றும் வெள்ளை. சக்கரக் கதவுகளின் விளிம்பு மட்டும் சிவப்பு. இந்தச் சிவப்பு விளிம்பைத் தூரிகை நுனியால் அடிக்க வேண்டாம், நடுங்கும். கதவைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரிகையின் வயிற்றுப் பக்கத்தை விளிம்போடு சாய்த்து இழுத்தால் கோடு தானாக நேராக விழும்.

6. டெக்கால்

பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. இதைத் தவிர்க்கவே கூடாது. பளபளப்பில்லாத மேட் பரப்பு நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்புக்குள் காற்று மாட்டிக்கொண்டால் டெக்காலின் தெளிவான ஓரம் வெள்ளி போல மின்னும். காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் மழை நாளில் வார்னிஷ் அடித்தால் வெண்மேகம் படியும், வெயில் வரும்வரை காத்திருங்கள்.

பழைய கிட் என்றால், வேண்டாத ஒரு குறியை முதலில் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். துண்டு துண்டாக உடைந்தால், மைக்ரோஸ்கேல் டெக்கால் ஃபிலிம் திரவத்தைத் தாள் முழுக்கப் பூசிக் காயவிட்டுப் பிறகு வெட்டலாம். மஞ்சளாகிப் போன தாளை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் சில நாளில் பெருமளவு வெளுத்துவிடும்.

ஒட்டும் முறை இதுதான். குறியைச் சுற்றி, அதன் ஓரத்துக்கு நெருக்கமாக வெட்டுங்கள். இடுக்கியால் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது விநாடி முக்கி, எடுத்து ஒரு டிஷ்யூ மேல் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பின்பக்கப் பசை கரைந்து போய்விடும். ஒரு நிமிடத்தில் தாளின் மேல் குறி வழுக்கத் தொடங்கும். இதற்கிடையில், ஒட்ட வேண்டிய இடத்தில் மைக்ரோ செட் என்ற டெக்கால் திரவத்தைத் தடவிவிடுங்கள். வினிகர் வாசனை அடிக்கும், நீல லேபிள் பாட்டில். தாளை அந்த இடத்துக்கு அருகில் கொண்டுபோய் ஈரத் தூரிகையால் குறியை மாடல் மேல் தள்ளி, நிதானமாக இடத்துக்கு நகர்த்துங்கள். சரியாக உட்கார்ந்ததும் ஈரமான பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும்.

அதன் மேல் டெக்காலை மென்மையாக்கும் மைக்ரோ சோல், சிவப்பு லேபிள். இதை இட்ட சில நிமிடங்களில் டெக்கால் சுருங்கிக் கோணலாகும், பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கையை வைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அது ஈரத் தாளைவிட மெலிந்திருக்கும், தொட்டால் கிழியும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், விமானத் தகடுகள் சேரும் பலகை இடுக்குகளுக்குள் இறங்கித் தட்டையாகியிருக்கும். எங்காவது வெள்ளி மின்னினால் அந்த இடத்தில் மெல்லிய ஊசியால் இரண்டு மூன்று குத்து குத்தி, இன்னொரு துளி சோல் விடுங்கள்.

நட்சத்திரச் சின்னத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நான்கு இறக்கைப் பரப்புகளிலும் ஒட்டத் தோன்றும், சமச்சீராக இருக்குமே என்று. டாம்கேட் காலத்து அமெரிக்க விமானங்களில் அது இரண்டு பரப்புகளில்தான்: மேலே இடது இறக்கையில், கீழே வலது இறக்கையில். இடது என்பது விமானியின் இடது. மாடலைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்யும்போது இது தலைகீழாகிக் குழப்பும், அதனால் கவிழ்ப்பதற்கு முன்பே சரியான இறக்கையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள்.

அளவு சரியா என்று சந்தேகம் வந்தால் ஸ்கேலை எடுங்கள். படத்தில் மூக்கு எண்ணின் உயரத்தை அளந்து, பக்கத்தில் இருக்கும் ஏதாவது கதவின் உயரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மாடலில் அதே கதவை அளந்து அந்த விகிதத்தால் பெருக்கினால் எண் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது வந்துவிடும். பக்கவாட்டில் நேராக, தூரத்திலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு பொய் சொல்லும்.

எச்சரிக்கை வாசகங்கள் பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் ஒட்டினால் கண் போய்விடும். இருக்கைக்கான சிவப்பு முக்கோணம், மீட்பு அம்புக்குறி, காற்று உள்வாங்கியின் பக்கத்தில் இருக்கும் அபாயக் குறி இந்த மூன்றும் கட்டாயம். மிச்சத்தில், 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஓர் அடி தூரத்திலிருந்து தெரியாதவற்றை விட்டுவிட்டாலும் குடி முழுகிப்போகாது என்பது என் கட்சி. சுத்தவாதிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

7. வார்னிஷ், அழுக்கு

ஒரு நாள் காயவிட்டு, ஈரத் துணியால் பசைக் கறையைத் துடைத்துவிட்டு, மறுபடி ஒரு மெல்லிய வார்னிஷ். அது அக்ரிலிக் என்றால், அதன் மேல் ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பலகைக் கோடுகளில் ஓடவிட்டுத் துடைக்கலாம். இள நிற விமானத்துக்குக் கறுப்பு வேண்டாம், அடர்சாம்பல் போதும். டாம்கேட்டுக்கே உரிய அழுக்கு ஒன்று உண்டு: இறக்கை முன்னும் பின்னும் மடங்கும்போது உராய்ந்து, இறக்கை உடலோடு சேரும் பகுதியில் வில் வில்லாக விழும் தேய்மானம். அதை மட்டும் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கடைசிப் பூச்சு முழு மேட்டாகவும் வேண்டாம், கண்ணாடிப் பளபளப்பாகவும் வேண்டாம், சாட்டின் போதும்.

8. தொங்கவிடுபவை

கிட்டில் ஆறு ஃபீனிக்ஸ் ஏவுகணைகள் இருக்கும். ஆறையும் மாட்டித் தொங்கவிட ஆசையாக இருக்கும், ஆனால் அந்தச் சுமையோடு கப்பலில் இறங்குவதே சிக்கல், அதனால் படையில் அது அபூர்வம். 1981 ஆகஸ்ட் 19 அன்று சுட்டது சைட்விண்டர் ஏவுகணை, ஏஐஎம்-9எல். ஏவுகணை உடலில் மஞ்சள் பட்டை இருந்தால் வெடிபொருள் உள்ளது, பழுப்புப் பட்டை என்றால் ராக்கெட் மோட்டார், நீலம் என்றால் பயிற்சிக்கான டம்மி. போருக்குக் கிளம்பும் விமானத்தில் நீலப் பட்டை வரக் கூடாது.

கடைசியாக வெற்றிக் குறி. சில டெக்கால் தாள்களில் சின்னதாக ஒரு சு-22 நிழலுருவம் கொடுத்திருப்பார்கள். அது சண்டை முடிந்து கப்பலுக்குத் திரும்பியபின் வரைந்தது. அதை ஒட்டினால் உங்கள் மாடலின் தேதி ஆகஸ்ட் 19 காலை அல்ல. அப்படியானால் சுடப்பட்ட அந்த ஏவுகணையையும் அதன் தாங்கியில் மாட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்துவிட்டுப் பசையை எடுங்கள்.